நெருக்கடி வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் துவிச்சக்கர வண்டி

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகாலத் தடைக்குப் பின்னர், தனியார் பாவனைக்கான வாகனங்களை இறக்குமதி செய்வதற்கான அனுமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் வழங்கப்பட்டது. அந்நியச் செலாவணியைப் பாதுகாக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் இழுத்து மூடப்பட்ட கதவு அது. கதவு திறந்த நாள் முதல் வரி எவ்வளவு, விலை எவ்வளவு, எந்த வாகனம் எப்போது கைக்குக் கிட்டும் என்பவை பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது. வந்திறங்கும் இந்த வாகனங்கள் எந்த வீதியில் ஓடப்போகின்றன என்று கேட்டவர்கள் மிகச் சிலரேயாவர்.

கேட்கப்படாத அந்தக் கேள்விக்கான விடையை ஒவ்வொரு நாள் காலையிலும் கொழும்பு நகரம் அளித்துக்கொண்டிருக்கிறது. மாலபேயிலிருந்தோ மொறட்டுவையிலிருந்தோ கோட்டைக்கு வருகின்ற ஒருவர் தமது வாழ்நாளில் எத்தனை மாதங்களை வீதியிலேயே கழித்துவிடுகின்றார் என்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் மத்திய பஸ் நிலையத்தையும் ஆஸ்பத்திரி வீதியையும் சுற்றியுள்ள நெருக்கமும், கண்டி நகரின் குறுகிய தெருக்களில் நாளாந்தம் காணப்படும் இழுபறியும் இதே நோயின் வேறு வேறு அறிகுறிகளே. இந்நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள மோட்டார் வாகனங்களின் தொகை 80 இலட்சத்தைக் கடந்துவிட்டது. அவற்றுள் பாதிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்கள். 11 இலட்சத்துக்கும் அதிகமானவை முச்சக்கர வண்டிகள். வீதிகளோ இத்தொகைக்கு ஏற்ப வளரவில்லை, வளரவும் முடியாது.

நகர நெரிசலைப் பற்றிப் பேசும் இவ்விடத்தில் நறுவிலிக்குளத்தைக் குறிப்பிட விரும்புகின்றோம். மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரதேசத்தில், பெருநிலப்பரப்பின் கரையோரமாக, வங்காலைக்கு அப்பால் அமைந்துள்ள கிராமம் இது. நறுவிலி மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் இக்கிராமத்தில் வாகன நெரிசல் என்பதே கிடையாது. அவ்வாறாயின் அதற்கும் இந்த விடயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எமது பதில் இதுதான்: நகரத்தின் நெரிசல் நகரத்தில் தொடங்குவதில்லை. நேரத்துக்கு பஸ் வராத கிராமத்துத் தரிப்பிடத்திலேயே அது தொடங்குகின்றது.

நறுவிலிக்குளத்தைப் போன்றதொரு கிராமத்தில் வாழும் ஒருவருக்கு மாவட்டச் செயலகத்திலோ மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ அலுவல் இருந்தால், அவர் தாம்போதியைக் கடந்து மன்னார் நகருக்குச் சென்றேயாக வேண்டும். துவிச்சக்கர வண்டியில் போனால் ஏறத்தாழ ஒரு மணிநேர ஓட்டம். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் கிளினிக் இலக்கம் தவறிப்போகும்; மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கர வண்டிக்கு ஒருநாள் கூலியைக் கொடுக்க வேண்டும். இவ்வாறு நாலைந்து தடவை அலைக்கழிந்த குடும்பம், கடன்பட்டேனும் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்குகின்றது. வாங்கிய பின்னர் அக்குடும்பம் பஸ்ஸில் ஏறுவதில்லை. ஏறுவோர் குறைந்ததும் பஸ்ஸின் சுற்றுகளும் குறைகின்றன. சுற்றுகள் குறைந்ததும் அடுத்த வீட்டாரும் லீசிங் நிறுவனத்தின் படியேறுகின்றனர். வடக்கின் கிராமங்களில் மட்டுமன்றி, கொழும்பின் புறநகர்களிலும் நடந்தது இதுதான். அங்கே மோட்டார் சைக்கிளின் இடத்தில் கார் நிற்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

இந்த நச்சுவட்டத்தை உடைக்கக்கூடிய இரண்டு கருவிகள் எம்மிடம் நெடுங்காலமாகவே உள்ளன. ஒன்று பொதுப் போக்குவரத்து. மற்றையது துவிச்சக்கர வண்டி. வடக்கு, கிழக்கு மக்களுக்குத் துவிச்சக்கர வண்டியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைத் தவிர்த்தால், வடபுலத்தின் போக்குவரத்து முழுவதையும் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. நெல் மூடையும் விறகும் நோயாளியும் அதில்தான் ஏற்றிச் செல்லப்பட்டனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னமும் எம்மிடையே வாழ்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு துவிச்சக்கர வண்டியின் கரியரில் அடங்கியிருந்தது.

தடை நீங்கியது, யுத்தமும் 2009இல் முடிந்தது. பாதைகள் காபெற் இடப்பட்டன. 1990இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக ஜப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட புதிய பாலம் 2010இல் திறந்துவைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதுடன், பூநகரி ஊடாக மன்னாரும் யாழ்ப்பாணமும் நெருங்கின. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் அந்த வீதிகளைத் திட்டமிட்டவர்கள் துவிச்சக்கர வண்டியில் செல்பவரை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வீதி செப்பமானதும் வாகனங்களின் வேகம் கூடியது. இருபது ஆண்டுகளாக நடுவீதியில் சென்ற மனிதர் கரையிலுள்ள கிரவல் மண்ணுக்குத் தள்ளப்பட்டார். பின்னால் டிப்பர் வரும் ஒலி கேட்டதும் இறங்கி நின்று வழிவிட வேண்டிய நிலைக்கு அவர் ஆளானார். துவிச்சக்கர வண்டி வறுமையின் சின்னமாகவும், யுத்தகால ஞாபகமாகவும் வீட்டுக் கோடியில் சாத்தி வைக்கப்பட்டது.

இரண்டாவது தடவையாக அது நினைவுக்கு வந்தது 2022இலாகும். அந்த ஆண்டு ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவை எட்டியது. அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் காத்திருந்தவர்களுள் சிலர் வரிசையிலேயே உயிர்துறந்தனர். இம்முறை தெற்கும் துவிச்சக்கர வண்டியைத் தேடியது. வைத்தியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் கொழும்பு வீதிகளில் மிதித்துச் சென்றனர். வண்டிகளின் விலை பன்மடங்காகியும் கடைகளில் அவை கிடைக்கவில்லை. ஜூலையில் கியூ.ஆர். முறையிலான பங்கீடு வந்தது. 2023 செப்டெம்பரில் அதுவும் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அன்றே துவிச்சக்கர வண்டியும் மறக்கப்பட்டது. அந்த நெருக்கடிக் காலத்தில் புதிதாக மிதிக்கப் பழகிய ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து மிதிக்கச் செய்வதற்கென ஒரு நகரத்திலேனும் முழுமையானதொரு பாதை வலையமைப்பு உருவாக்கப்படவில்லை.

நெருக்கடியை இவ்வாறு வீணாக்காத நாடுகளும் உலகில் உண்டு. இன்று துவிச்சக்கர வண்டிகளின் நாடாக அறியப்படும் நெதர்லாந்து, 1950களிலும் 60களிலும் ஏனைய ஐரோப்பிய நாடுகளைப் போலவே காருக்காகத் தனது நகரங்களை இடித்துக் கொண்டிருந்தது. 1971இல் அங்கு வீதி விபத்துகளில் 3000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது அங்கே தடை செய்யப்பட்டது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதித்துத் திரிந்தனர். எண்ணெய் மீண்டும் வந்த பின்னரும் அந்நாடு பழைய பாதைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. வீதியின் ஒரு பகுதியைத் துவிச்சக்கர வண்டிக்கெனப் பிரித்துக் கொடுக்கும் கொள்கையைப் பல தசாப்தங்களாகக் கட்டிக்காத்தது. எம்மை வந்தடைந்த நெருக்கடி அதனிலும் கொடியது. எமது வீதிகளில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின்றன. ஆயினும் நாம் பாடம் படிக்கவில்லை.

வீதிகளை அகலமாக்கினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் எமது ஆட்சியாளரிடமும் அதிகாரிகளிடமும் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஒரு சிறு கணக்கு இதற்குப் போதுமான பதிலாகும். ஐம்பது பேரை ஏற்றிய ஒரு பஸ் வீதியில் பிடிக்கும் நீளம் ஏறத்தாழ 12 மீற்றர். அதே ஐம்பது பேரும் காருக்கு இருவராகப் பயணித்தால் 25 கார்கள் தேவை. இடைவெளியையும் சேர்த்து அவை பிடிக்கும் நீளம் 150 மீற்றருக்கு மேல். காருக்கு ஒருவராகச் சென்றால் அது இரட்டிப்பாகும். அகலமாக்கப்பட்ட வீதி சிறிது காலத்துக்கு ஆறுதல் அளிக்கும். அந்த ஆறுதலைக் கண்டு மேலும் பலர் கார் வாங்குவர்; வீதி மீண்டும் நிரம்பும். உலகின் பெருநகரங்கள் யாவும் கற்றுக்கொண்ட பாடம் இது.

இந்நாட்டின் பஸ் சேவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் கம்பனிகளிடமிருந்த பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. இலாபம் தராத கிராமத்துக்கும் பஸ் செல்ல வேண்டும் என்பது அதன் அடிப்படை. முகாமைத்துவச் சீர்கேடும் அரசியல் நியமனங்களும் அதனை நட்டத்தில் ஆழ்த்தின. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. துண்டாடப்பட்டிருந்த சபை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. கிராமங்களுக்கென ‘கெமி செரிய’ என்றும் மாணவர்களுக்கென ‘சிசு செரிய’ என்றும் மானிய சேவைகளும் வந்தன. பெயர்களும் சட்டங்களும் மாறியபோதிலும், பயணியின் அனுபவத்தில் பெரிய மாற்றம் ஏற்பட்டதாகக் கூறுவதற்கில்லை.

இதற்கான காரணம் பஸ் உழைக்கும் முறையிலேயே இருக்கின்றது. தனியார் பஸ்ஸின் சாரதிக்கும் நடத்துநருக்கும் நிலையான சம்பளம் இருப்பது அரிது. உரிமையாளருக்குரிய தொகையையும் எரிபொருள் செலவையும் கழித்து எஞ்சுவதே அவர்களின் வருமானம். ஆகவே தரிப்பிடத்தில் ஆட்கள் சேரும் வரை பஸ் நகர்வதில்லை. பின்னால் வரும் பஸ்ஸைக் கண்டதும் பறக்கத் தொடங்குகின்றது. படியில் தொங்குபவரும் ஒரு டிக்கெட்டாகவே கணிக்கப்படுகின்றார். அரச பஸ்ஸோ உதிரிப்பாகமும் ஆளணியும் இன்றித் திணறுகின்றது. 2025 மே மாதத்தில் கொத்மலைப் பகுதியில் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரம், பொதுப் போக்குவரத்தை நம்பி ஏறும் ஏழை மக்களின் உயிருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு எத்தகையது என்பதைக் காட்டியது. அஞ்சி அஞ்சி ஏறவேண்டிய பஸ்ஸை நம்பி எவரும் தமது காரை வீட்டில் விட்டுவரப் போவதில்லை.

பெருந்திட்டங்களின் கதியும் வேறானதன்று. மாலபேயையும் கொழும்புக் கோட்டையையும் இணைக்கும் இலகு ரயில் திட்டத்துக்கு ஜப்பானுடன் 2019 மார்ச்சில் கடன் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 2020 செப்டெம்பரில், ஆட்சி மாறிய பின்னர், அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது. அது செலவு மிக்கது என்பது அன்று கூறப்பட்ட காரணம். ஆனால் நெரிசலில் எரிந்து தீரும் எரிபொருளுக்கும் மனித நேரத்துக்கும் ஆகும் செலவை எவர் கணக்கிட்டார் என்று தெரியவில்லை. ஓர் அரசாங்கம் தொடங்கியதை மற்றைய அரசாங்கம் கைவிடும் வழக்கம் நீடிக்கும்வரை, நீண்டகாலத் திட்டம் எதுவும் எமது மண்ணில் வேர்கொள்ளப் போவதில்லை.

வடக்கிலோ பிரச்சினை வேறொரு முகத்தைக் கொண்டது. 1914 முதல் இயங்கிய தலைமன்னார் புகையிரதப் பாதை 1990இல் யுத்தத்தால் செயலிழந்து, இந்தியக் கடனுதவியுடன் மீளமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டு காத்திருந்து பெற்ற பாதை இது. புகையிரதம் வரும் நேரத்துக்கு நிலையத்தில் கிராமங்களுக்கான பஸ் நிற்க வேண்டும் என்பதும், துவிச்சக்கர வண்டியைப் பூட்டி வைக்க ஒரு கொட்டகை வேண்டும் என்பதும் பெருஞ்செலவுக்குரிய விடயங்களல்ல. ஆயினும் புகையிரதத் திணைக்களம் ஒரு திசையிலும், போக்குவரத்துச் சபை ஒரு திசையிலும், தனியார் பஸ் சங்கங்கள் பிறிதொரு திசையிலும் இழுக்கின்றன. வவுனியாவில் 2017இல் திறக்கப்பட்ட புதிய பஸ் நிலையத்தைச் சுற்றி எழுந்த தகராறும், இணைந்த நேர அட்டவணை தொடர்பாக அரச, தனியார் தரப்புகளிடையே அடிக்கடி மூளும் பூசலும் வாசகர்கள் அறிந்தவையே. இந்த இழுபறியில் எந்தச் சங்கமும் வாய்திறந்து பேசாத ஒரு தரப்பு உண்டு. வீதியோரத்தில் வெயிலில் காத்து நிற்கும் பயணியே அத்தரப்பு.

துவிச்சக்கர வண்டியை முன்மொழிவோர் அதன் கஷ்டங்களை மறைக்கக் கூடாது. மன்னார் சமதரைதான், மேடு பள்ளம் இல்லை. ஆனால் சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் தாம்போதியைக் கடப்பது இளைஞருக்கே சிரமம். நிழல்தரும் மரங்களை வெட்டி அகலமாக்கப்பட்ட வீதியில் நண்பகல் வெயில் தாங்க முடியாதது. முதியோருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் அது வழியன்று. இருட்டிய பின் வெளிச்சமில்லாத வீதியில் தனித்து மிதித்துவரப் பெண்கள் தயங்குவதும் நியாயமானதே. ஆகவே நறுவிலிக்குளத்திலிருந்து மன்னார் நகர் வரை எல்லோரும் மிதித்துச் செல்ல வேண்டும் என்று நாம் கூறவரவில்லை. வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரையும், பாடசாலை வரையும், சந்தை வரையும் உள்ள இரண்டு மூன்று கிலோமீற்றருக்குத் துவிச்சக்கர வண்டி. அதற்கு அப்பால் நேரம் தவறாத பஸ். இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். கொழும்பின் புறநகர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அண்டையிலுள்ள தமிழகத்தின் அனுபவம் எமக்குப் பயன்படக் கூடியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்துடன் இணைத்துக் கிராமத்துப் பெண்களுக்குத் துவிச்சக்கர வண்டி ஓட்டக் கற்பிக்கப்பட்டபோது, தண்ணீருக்கும் வேலைக்கும் பிறரை எதிர்பார்த்திருந்த பெண்கள் தாமே சென்றுவரத் தலைப்பட்டனர். பின்னர் பாடசாலை மாணவருக்கு இலவச வண்டிகள் வழங்குவது அங்கு வழமையாகியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். சென்னையின் நெருக்கடி மிக்க பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை அகலமாக்கப்பட்டு, வாகனங்களுக்குரிய இடம் குறைக்கப்பட்டது. குறைகள் இல்லாமலில்லை. எனினும் பயணம் என்பது உரிமை என்ற நோக்கு அவற்றின் பின்னால் இருக்கின்றது. சிங்கப்பூர் 1975இலும் லண்டன் 2003இலும் நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் அறவிடத் தொடங்கின. ஆனால் அங்கே காரை விட்டிறங்குபவர் ஏறிச் செல்வதற்குப் பொதுப் போக்குவரத்து வசதிகள் இருந்தன. மாற்று வழியைக் கொடுக்காமல் கட்டணத்தை மட்டும் விதிப்பது மக்களைத் தண்டிப்பதாகவே முடியும்.

எமது சூழலில் உடனடியாகச் செய்யக்கூடியவை பல. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் பஸ் நேரத்தை மும்மொழிகளில் எழுதி வைப்பதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. காலை கிளினிக்குக்கும் மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கும் பொருந்த முதல் பஸ்ஸையும் கடைசி பஸ்ஸையும் அமைப்பது மாகாணப் போக்குவரத்து அதிகாரிகள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்க்கக்கூடிய விடயம். பஸ் ஊழியருக்கு டிக்கெட் வருமானத்துக்குப் பதிலாக, ஓடிய கிலோமீற்றருக்கும் காத்த நேரத்துக்கும் ஏற்ப ஊதியம் கிடைக்கும் ஒப்பந்த முறைக்கு மாறினால், வீதியில் நடக்கும் ஓட்டப்பந்தயம் தானாகவே ஓயும். நகரங்களில் பஸ்ஸுக்கென ஒரு பாதையை ஒதுக்கி, அதனைப் பொலிஸார் உறுதியாகப் பாதுகாத்தால், காரில் நெரிசலில் இருப்பவர் தம்மைக் கடந்து செல்லும் பஸ்ஸைப் பார்த்துச் சிந்திக்கத் தொடங்குவார்.

துவிச்சக்கர வண்டியைப் பொறுத்தவரை பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களையே சாரும். வடக்கில் இம்மன்றங்கள் துவிச்சக்கர வண்டிக்கு வரி பெற்று இலக்கத்தகடு வழங்கிய வழக்கத்தைப் பலரும் அறிவர். வரி செலுத்தியவருக்கு அம்மன்றங்கள் வீதியில் எதைக் கொடுத்தன என்ற கேள்விக்கு இதுவரை விடையில்லை. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தல் மூலம், நீண்ட இடைவெளிக்குப் பின்னர் மக்கள் பிரதிநிதிகள் மீண்டும் பிரதேச, நகர, மாநகர சபைகளில் அமர்ந்தனர். வீதியோரத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்காவது செப்பமான பாதை, மரநிழல், தெருவிளக்கு, பஸ் நிலையத்திலும் வைத்தியசாலை வாயிலிலும் பாதுகாப்பான தரிப்பிடம் ஆகியவற்றை அவர்கள் தமது முதற்பணிகளுள் சேர்க்க வேண்டும். வீதி அபிவிருத்தி அதிகார சபையும் புதிதாக அமைக்கும் ஒவ்வொரு வீதியிலும் மிதித்துச் செல்பவருக்குரிய இடத்தை வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

இரண்டு தடவைகள் இந்நாடு துவிச்சக்கர வண்டியில் ஏறியது. ஒரு தடவை தடையின் காரணமாக. மறுதடவை வங்குரோத்தின் காரணமாக. இரண்டு தடவையும் வேறு வழியில்லாமல் ஏறினோம். வழி கிடைத்ததும் இறங்கிவிட்டோம். இன்று எரிபொருள் இருக்கின்றது, இறக்குமதியும் நடக்கின்றது என்பதால் திட்டமிடுவதற்கான காலம் கடந்துவிட்டதாகக் கருத முடியாது. வரிசையில் நின்று வாடியபடி நல்ல திட்டத்தைத் தீட்ட இயலாது. கையில் சிறிது அவகாசம் இருக்கும் வேளையே அதற்கு உகந்தது.

கொழும்பில் எத்தனை மேம்பாலங்கள் எழுந்தன என்பதைக் கொண்டு எமது போக்குவரத்துக் கொள்கையை அளவிடுவது தவறாகும். நறுவிலிக்குளத்தில் வாழும் ஒரு தாய், கடன்பட்டு வாகனம் வாங்காமலும் பிறர் தயவை நாடாமலும், குறித்த நேரத்தில் வைத்தியசாலைக்குச் சென்று, பொழுது சாயுமுன் வீடு திரும்ப முடிகின்றதா என்பதே சரியான அளவுகோல். அதனை உறுதி செய்யும் நாட்டில் நகரத்தின் நெரிசலும் தானாகவே தணியும். சம்பந்தப்பட்ட அனைத்துத் தரப்பினரும், அடுத்த எரிபொருள் வரிசை நினைவூட்டும் வரை காத்திராமல், இப்போதே இதில் கரிசனை காட்ட வேண்டும் என வலியுறுத்த விரும்புகின்றோம்.